இறைச்சி ரொட்டியும் உழைப்பாளியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வேலைநாள் ஒன்றின் மாலைப்பொழுது. ஆலையினின்றோ அலுவலகத்தினின்றோ வீடு திரும்பிய மாது ஒருத்தி, மேலங்கியைக் களைந்த கையோடு அடுப்பங்கரைக்குச் செல்கின்றாள். குளிர்ப்பெட்டியிலிருந்து ஓர் இராத்தல் அரைத்த மாட்டிறைச்சியை எடுத்து, இரும்புச் சட்டியில் இட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு கிளறுகின்றாள். இறைச்சியின் சிவப்பு மாறிப் பழுப்பானதும், வடிந்த கொழுப்பை இறுத்துவிட்டுத் தக்காளிச் சாறும், அரைத்த கடுகும், சிறிது சர்க்கரையும் சேர்த்துச் சுண்ட விடுகின்றாள். அதன்மேல் சீஸ் எனப்படும் பாற்கட்டியின் ஏடுகளைப் பரப்ப, அவை வெம்மையில் இளகிப் படர்கின்றன. இரண்டாகப் பிளந்த பன் ரொட்டியின் நடுவே அதனை அள்ளி வைத்தால், நால்வர் பசியாற இரவுணவு ஆயிற்று. சென்ற நேரம் இருபது நிமிடம். அந்நாட்டார் இதனை ‘ஸ்லாப்பி ஜோ’ என விளையாட்டாய் அழைப்பர். உண்ணும்போது கையெல்லாம் வழியும் என்பது அப்பெயரின் குறிப்பு.

இருபது நிமிடத்தில் ஆகும் சமையலுக்கு வரலாறும் உண்டோ என நேயர்கள் வினவலாம். உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுதலானோம்.

நாம் தோட்டத்து அலுவலகத்தில் கிராணி வேலை பார்ப்போர். காலையில் பெரட்டில் ஆட்களின் பெயரைப் பதிவதும், மாலையில் வெட்டி இறக்கிய செம்பனைக் குலைகளின் தொகையை ஏட்டில் ஏற்றுவதும் நம் தொழில். ஏட்டில் குலையின் தொகை நிற்கும். குலையை வெட்டினவனுடைய தோள்வலி அதில் நிற்பதில்லை. அத்தொழிலால் வந்த பழக்கம் ஒன்று நமக்கு உண்டு. எந்தப் பொருள் எளிதாகக் கைக்கு வந்தாலும், இஃது எவரெவர் கைகளைக் கடந்து வந்தது என எண்ணிப் பார்ப்போம். மேற்சொன்ன இரவுணவையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தோம்.

மாட்டிறைச்சி என்றவுடன் நம்மவருள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். உண்பதும் உண்ணாமையும் அவரவர் விருப்பம். ஆனால், ஒருவன் உண்ணும் பொருளைக் கொண்டே அவன் உயர்ந்தவன், இவன் தாழ்ந்தவன் என அளக்கும் வழக்கம் அறிவுடையோர்க்கு ஒவ்வாது. ஈண்டு நாம் பேசப் புகுவது அவ்வுணவின் பின்னே நிற்கும் உழைப்பைப் பற்றியேயாகும்.

பிரபுவின் மேசை

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ஓர் ஊரின் பெயர். அவ்வூரின் பெயரால் பட்டந்தாங்கிய நான்காம் பிரபு ஜான் மாண்டேகு என்பார் 1718 முதல் 1792 வரை வாழ்ந்தவர். இரண்டு ரொட்டித் துண்டுகளின் நடுவே இறைச்சியை வைத்து உண்ணும் முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பன் 1762ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் தம் நாட்குறிப்பில் இச்சொல்லை எழுதியுள்ளார். இலண்டன் நகரத்துக் கழகம் ஒன்றில் நாட்டின் முதன்மையான பெருமக்கள் இருபது முப்பது பேர் சிறு மேசைகளில் அமர்ந்து இவ்வுணவை உண்ணக் கண்டதாக அவர் குறித்தார். இச்சொல் எழுத்தில் காணப்படும் முதலிடம் அதுவே என்பர்.

பிரபு சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இருந்த இடத்திலேயே உண்ணுதற்கு இவ்வாறு செய்யச் சொன்னார் என்பது அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிவைத்த கதை. பிரபு கடற்படைத் துறையின் தலைவராக இருந்தவராதலின், எழுத்து மேசையில் வேலை மிகுந்திருந்த காலத்திலேயே இவ்வாறு உண்டிருப்பார் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் கருதுகின்றார். சூதோ வேலையோ, அவருக்கு வேண்டியிருந்தது நேரம். அந்நேரத்தை அவருக்கு ஈட்டித் தந்தவர் ரொட்டியை அறுத்து, இறைச்சியைச் சமைத்து, தட்டில் வைத்து நீட்டிய ஏவலாளர். ஏவலாளர் இல்லாத வீட்டில் அவ்வேலை யார் தலையில் விழும்? வீட்டுப் பெண்ணின் தலையில்தான். அவள் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி வந்தவையே அறுத்த ரொட்டியும், இளகும் பாற்கட்டியும், அரைத்த இறைச்சியும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அறுத்த ரொட்டி

ஆட்டோ ரோவெடர் என்பவர் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். நகை வணிகம் செய்தவர். ரொட்டி முழுவதையும் ஒரே முறையில் ஏடு ஏடாக அறுக்கும் யந்திரம் ஒன்றை அமைக்க விரும்பித் தம் கடைகளை விற்று அம்முயற்சியில் இறங்கினார். 1917இல் ஏற்பட்ட தீவிபத்தில் அவருடைய மாதிரி யந்திரமும் வரைபடங்களும் சாம்பலாயின. அவர் மனந்தளரவில்லை. மீண்டும் பத்தாண்டு உழைத்தார். 1928ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மிசௌரி மாநிலத்துச் சில்லிகோத்தி என்னும் சிற்றூரின் ரொட்டிக் கடையில், யந்திரம் அறுத்த ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அறுத்த ரொட்டி விரைவில் காய்ந்துபோகும் என்று ரொட்டி சுடுவோர் அஞ்சினர். அறுத்தவுடனே இறுகச் சுற்றிக் கட்டும் வகையை அவர் கண்டமையால் அவ்வச்சம் நீங்கியது. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் அறுத்த ரொட்டியே வழக்கமாயிற்று.

இச்சிறு வசதி எத்துணைப் பெரிது என்பது 1943இல் விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலம். அறுத்த ரொட்டியைச் சுற்றுதற்குத் தடித்த மெழுகுத்தாள் வேண்டும். அதனைச் சிக்கனஞ் செய்யவேண்டுமெனக் கருதிய அமெரிக்க அரசாங்கம், அவ்வாண்டு ஜனவரி 18ஆம் நாள் முதல் அறுத்த ரொட்டி விற்பதைத் தடை செய்தது. நியூயார்க்கு நகரத்து நாளிதழ் ஒன்றுக்கு இல்லத்தரசி ஒருவர் கணக்குக் காட்டிக் கடிதம் எழுதினார். கணவருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் காலையுணவுக்கு இத்தனை, நண்பகல் உணவுக்கு இத்தனை, தமக்கு இரண்டு என, காலை அவசரத்தில் தம் கையால் 22 துண்டுகள் அறுக்கவேண்டியுள்ளது என்பது அவர் முறையீடு. மார்ச்சு 8ஆம் நாள் தடை நீக்கப்பட்டது.

ஐம்பது நாள்கூட நில்லாத அந்தத் தடையை நாம் வேடிக்கையாகக் கருதவில்லை. வீட்டில் பெண் செய்யும் வேலை, எவரும் ஏட்டில் பதியாத வேலை. அதனை ஒரு மாது துண்டு துண்டாக எண்ணி, உலகறியப் பதிந்துவைத்தார். செக்ரோல் எழுதுவோர் என்ற முறையில் அந்தக் கணக்கை நாம் மதிக்கின்றோம்.

இளகும் பாற்கட்டி

பாற்கட்டி பழைமையான உணவு. ஆயின் அதனை வெறுமே சூடேற்றினால், பல வேளைகளில் நெய் தனியே பிரிந்து வழிந்து, எஞ்சியது இழுபட்டுத் திரளும். வெம்மை மிகுந்த நாட்களில் கடையிலேயே கெடும். 1911இல் சுவிட்சர்லாந்து நாட்டுத் தூன் நகரில் வால்ட்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் என்னும் இருவர் பாற்கட்டியைச் சில உப்புகளோடு சேர்த்துக் காய்ச்சி, கெடாமல் நெடுநாள் இருக்கும் பாற்கட்டியைக் கண்டனர். அவ்வுப்புகள் பாற்புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் சுண்ணச் சத்தைத் தளர்த்துகின்றன. தளர்ந்த புரதம் நெய்யைப் பிரிய விடாமல் பிடித்துக்கொள்கின்றது. சூடு பட்டதும் அது வழவழப்பாக இளகுவதன் காரணம் இதுவே.

கனடாவில் பிறந்த ஜேம்ஸ் கிராப்ட் என்பார் 1903இல் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரு குதிரை வண்டியில் பாற்கட்டியைக் கடைகடையாகக் கொண்டுசென்று விற்றவர். கடையில் கெட்டுப்போகும் பாற்கட்டியால் உண்டாகும் நட்டத்தைக் கண்ட அவர், அதனைக் காய்ச்சிக் கிளறிப் பதப்படுத்தும் முறையொன்றுக்கு 1916இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர்க்குத் தகரக் குவளைகளில் இப்பாற்கட்டி சென்றது. 1950இல் ஏடுகளாகவே அடுக்கிய பாற்கட்டி அவருடைய நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. மரபுப்படி பாற்கட்டி செய்வோர் இதனை எதிர்த்தனர். இது பதப்படுத்தப்பட்டது என்பதை உறையின்மேல் எழுதியே விற்கவேண்டுமென ஏற்பட்டது. பெயர் எதுவாயினும், வேலைநாள் மாலையில் துருவவும் அறுக்கவும் நேரமற்ற பெண்ணுக்கு அந்த ஏடு உதவிற்று.

அரைத்த இறைச்சி

இனி இறைச்சிக்கு வருவோம். நம் வரலாற்றின் நடுநாயகம் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் பலர் ஹாம்பர்க்குத் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறினர். கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்ட உணவு அந்நகரின் பெயரால் அமெரிக்க உணவுச்சாலைகளில் வழங்கலாயிற்று. ஜேம்ஸ் சாலிஸ்பரி என்னும் மருத்துவர், கொத்திய இறைச்சியே எளிதிற் செரிப்பது எனக் கூறி, 1888இல் நூலொன்றும் வெளியிட்டார். பின்னர்க் கைப்பிடியைச் சுழற்றி அரைக்கும் பொறி வந்தமையால், கடினமான துண்டுகளும் கழிவாக நின்ற ஓரங்களும் விலைபோகும் பொருளாயின. ஏழைக்கும் இறைச்சி எட்டியது. கூடவே ஐயமும் பிறந்தது. முழுத்துண்டு இறைச்சியைக் கண்ணால் பார்த்து வாங்கலாம்; அரைத்தபின் அதில் என்ன கலந்தது என எவர் அறிவார்?

சிக்காகோ நகரில் ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை 1865ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி இறைச்சி ஆலைகள் எழுந்தன. பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய இரயில் வண்டிகள் 1880ஆம் ஆண்டையொட்டிப் பெருகியமையால், சிக்காகோவில் வெட்டிய இறைச்சி நெடுந்தொலைவிலுள்ள கீழ்க்கரை நகரங்களை அடைந்தது. ஆலைக்குள் மாட்டுடல் மேலே தொங்கும் கம்பியில் நகர்ந்துகொண்டேயிருக்கும். வரிசையாக நிற்கும் தொழிலாளருள் ஒவ்வொருவனும் ஒரே வெட்டை நாள் முழுதும் வெட்டிக்கொண்டிருப்பான். முழு மாட்டை அறுக்கத் தெரிந்த கைவினைஞனுக்கு அங்கே தேவையில்லை. ஒரே அசைவைக் கற்ற எவனும் போதும். கம்பியின் விரைவைக் கூட்டினால் எல்லார் கையும் விரையவேண்டும்.

மோட்டார் வண்டி செய்த ஹென்றி போர்டு, வண்டியை நகர்த்திக்கொண்டே பூட்டும் முறைக்குரிய எண்ணம் இச்சிக்காகோ ஆலைகளின் கம்பியைப் பார்த்தே தோன்றியது என 1922இல் வெளிவந்த தம் நூலில் கூறியுள்ளார். அவ்வகையில் பெருகிய வண்டிகளின் சக்கரங்களுக்காக மலாயாவின் ரப்பர் கப்பல் கப்பலாக அமெரிக்கா சென்றது. அந்த ரப்பர்ப் பாலை விடியுமுன் எழுந்து சீவியவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். சிக்காகோவின் கம்பிக்கும் நம் லயத்துக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் உண்டு.

வயிறும் நெஞ்சும்

1904ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இறைச்சி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தொழில் தெரிந்தவர், தெரியாத கூலிக்காரர்க்காகவும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. முதலாளிகள், பிற இடங்களில் வேலையற்றிருந்த கறுப்பின மக்களை அழைத்துவந்து ஆலைகளை ஓட்டினர். செப்டம்பர் மாதம் போராட்டம் தோற்றது. வேலை இழந்தவனின் சினம் முதலாளியின்மேற் செல்லாமல், பசிக்காக வந்த மற்றோர் ஏழையின்மேற் சென்றது. அவ்வடு நெடுநாள் ஆறவில்லை.

அத்தோல்வியின் பின், அப்டன் சிங்க்ளேர் என்னும் இளம் எழுத்தாளர் சிக்காகோ சென்று, ஏழு வாரம் தொழிலாளரிடையே உலவி, கண்டதையும் கேட்டதையும் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவலாக எழுதினார். அது 1905இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, 1906இல் நூலாயிற்று. லித்துவேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த யுர்கிஸ் என்பவனின் குடும்பம் ஆலையின் பற்களில் அரைபடுவதே அந்நூலின் கதை. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாளில் நாம் அதனைப் படித்தபோது, சொந்த ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து கடனிற் பட்ட அக்குடும்பம் நமக்கு அயலாகத் தோன்றவில்லை. மூத்தோர் வாயிலாக நாம் கேட்ட கதைகளின் சாயல் அதில் இருந்தது.

ஆனால் அந்நூலைப் படித்த அமெரிக்க மக்கள் திடுக்கிட்டது வேறொன்றுக்காக. கெட்ட இறைச்சியும், அழுக்கும், எலியும் கலந்து அரைக்கப்படுவதாக அதில் வந்த சில பக்கங்கள் நாட்டையே உலுக்கின. குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட், நீல், ரெய்னால்ட்ஸ் என்னும் இருவரை அனுப்பி விசாரிக்கச் செய்தார். ஆலைகளின் அழுக்கை அவர்கள் அறிக்கை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாளே இறைச்சிச் சோதனைச் சட்டமும், தூய உணவு மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. நூல் வெளிவந்து ஐந்து மாதத்துக்குள் சட்டம்! வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் கால்நடையை அரசாங்கச் சோதனையாளர் பார்வையிடவேண்டும் என ஏற்பட்டது.

நல்ல சட்டமே, அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின. எனினும் வெட்டுபவனின் கூலி என்ன, வேலை எத்தனை மணி, விரல் போனால் ஈடு என்ன என்பவற்றைப் பற்றி அச்சட்டம் வாய்திறக்கவில்லை. மக்களின் நெஞ்சைக் குறிவைத்த தம் அம்பு, தவறிப்போய் அவர்கள் வயிற்றில் தைத்துவிட்டது என்ற கருத்தில் சிங்க்ளேர் பின்னர் வருந்தினார். உண்போன் அஞ்சினான், ஐந்து மாதத்தில் சட்டம் பிறந்தது. உழைப்போன் வருந்தினான், அவன் பல்லாண்டு காத்திருந்தான்.

வெள்ளைச் சுவரும் வீட்டு அடுப்பும்

அரைத்த இறைச்சியின்மேல் மக்கள் கொண்ட ஐயம் சட்டத்தால் மட்டும் தீரவில்லை. 1921இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வால்ட்டர் ஆண்டர்சன், பில்லி இங்ராம் என்னும் இருவர் ‘ஒயிட் காசில்’ என்ற கடையைத் தொடங்கினர். வெள்ளைச் சுவர், பளபளக்கும் எஃகு, வெண்ணிற உடையணிந்த பணியாளர், விலை ஐந்தே சென்ட். இங்கே அழுக்கில்லை என்பதைக் கண்ணுக்குக் காட்டுதலே அவ்வெள்ளையின் நோக்கம். மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரம் ஹாம்பர்கரும் தண்ணீருமே உண்டு நலமாக இருந்ததையும் இங்ராம் சான்றாகப் பரப்பினார்.

1926இல் அயோவா மாநிலத்து மஸ்கட்டீன் என்னும் ஊரில், கசாப்புத் தொழிலினரான பிரெட் ஏஞ்சல் என்பார் ‘மெயிட் ரைட்’ என்ற பெயரால் மற்றொரு வகையை விற்றார். இறைச்சியை வடையாகத் தட்டாமல், உதிரியாகவே வேகவைத்து ரொட்டியில் அள்ளி வைப்பது அது. நாம் தொடக்கத்திற் கூறிய இரவுணவு இவ்வகையைச் சேர்ந்தது.

உதிரி இறைச்சிக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. தட்டவேண்டா, திருப்பவேண்டா, ஆள் ஒருவர் கூடுதலாக வந்தால் வெங்காயத்தையோ தக்காளியையோ கூட்டிக்கொள்ளலாம். 1929இல் தொடங்கிய பெரும்பஞ்சக் காலத்தில் ஓர் இராத்தல் இறைச்சியைப் பல வாய்க்குப் பங்கிட அது கைகொடுத்தது. 1943இல் இறைச்சிக்கும் பாற்கட்டிக்கும் பங்கீட்டுமுறை வந்தபோது, நல்ல துண்டுகளைவிட அரைத்த இறைச்சி குறைந்த புள்ளிகளுக்குக் கிடைத்தது. அக்காலத்திலேயே பெண்கள் இலட்சக்கணக்கில் போர்க்கருவி ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். ஆலையினின்று மாலையில் திரும்பிய பெண்ணுக்கு அடுப்பங்கரையில் இரண்டாவது வேலை காத்திருந்தது. 1969இல் தக்காளிக் குழம்பையும் ‘மேன்விச்’ என்ற பெயரால் டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினர். டின்னைத் திறந்து ஊற்றினால் மேலும் பத்து நிமிடம் மிச்சம்.

கம்பியின் பக்கம் நிற்போர்

வீட்டில் மிச்சமான அந்த நிமிடங்களைத் தந்தவர்கள் ஆலையில் எவ்வாறு இருந்தனர்?

1904இன் தோல்வியிலிருந்து அவர்கள் ஒரு பாடங் கற்க முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 1937இல் இறைச்சி ஆலைத் தொழிலாளரைத் திரட்டும் குழு அமைந்தது. 1943இல் அது நாடளாவிய சங்கமாயிற்று. அச்சங்கத்தில் வெள்ளையரும் கறுப்பின மக்களும், போலந்தினரும் லித்துவேனியரும் மெக்சிக்கரும் ஒரே கூட்டத்தில் சமமாக அமர்ந்தனர். இனத்தைக் காட்டிப் பிரித்தல் இனிச் செல்லாது என்றான பின்னரே கூலி உயர்ந்தது. போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இறைச்சி ஆலைக் கூலி, அந்நாட்டுப் பிற ஆலைத் தொழில்களின் சராசரிக் கூலியினும் மேலாக நின்றது. மகனைப் பள்ளிக்கு அனுப்பவும், சிறு வீடு வாங்கவும் அக்கூலி போதுமாயிற்று.

அந்நிலை நீடிக்கவில்லை. 1960இல் அயோவாவில் தோன்றிய நிறுவனம் ஒன்று, பெருநகரையும் சங்கத்தையும் விட்டு விலகிச் சிற்றூர்களில் ஆலை அமைத்தது. இறைச்சியைத் துண்டாக்கிப் பெட்டியிலிட்டு அனுப்பும் முறையையும் புகுத்தியது. பிறரும் அதனைப் பின்பற்றினர். 1971இல் சிக்காகோவின் பழைய சந்தை மூடப்பட்டது. 1980களில் கூலி மற்றத் தொழில்களின் சராசரிக்குக் கீழிறங்கியது. கம்பியின் விரைவோ கூடியது. மெக்சிக்கோ, குவாத்தமாலா, வியட்நாம், சோமாலியா, பர்மா முதலிய நாடுகளினின்று வந்தவர்கள் அக்கம்பியின் பக்கம் நின்றனர். யுர்கிஸ் நின்ற இடத்தில் வேறு மொழி பேசும் வேறொருவன் நின்றான்.

1993இல் அந்நாட்டில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறு பேருக்கு மேல் நோயுற்று, நான்கு குழந்தைகள் மாண்டனர். முழுத்துண்டில் நோய்க்கிருமி மேற்புறத்திலேயே நிற்கும், சுட்டால் மாயும்; அரைத்தாலோ மேற்புறம் உட்புறமாகக் கலந்துவிடும். ஆதலின் அரைத்த இறைச்சி உள்ளும் 71 பாகை செல்சியஸ் வெம்மை அடையவேண்டும் என அரசாங்கம் அறிவுறுத்தியது. கொடிய அக்கிருமி அரைத்த இறைச்சியில் இருப்பதே குற்றமென 1994இல் விதித்தது. உண்போனுக்காக அரசாங்கம் மீண்டும் விரைந்து எழுந்தது, அது முறையே.

2020இல் கோவிட் பெருந்தொற்று வந்தது. தோளோடு தோள் உரசி நின்று வெட்டும் ஆலைகளில் நோய் தீயெனப் பரவியது. நாட்டில் இறைச்சி குறையலாகாது என்று, ஏப்ரல் 28ஆம் நாள் ஆலைகளைத் திறந்தே வைத்திருக்கும்படி குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. பெரிய நிறுவனங்கள் ஐந்தில் மட்டும், தொற்றின் முதலாண்டில் குறைந்தது 59,000 தொழிலாளர் நோயுற்றனர், 269 பேர் இறந்தனர் என அமெரிக்கச் சட்டமன்றக் குழு 2021இல் வெளியிட்டது. ஒருநாள் கடையில் இறைச்சி இல்லையெனில் நாடு பதறும். அந்த 269 பேரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

நமக்கு உரியது

இவ்வரலாற்றைக் கூறியது அமெரிக்க மாதின்மேற் குறைசொல்ல அன்று. அவளும் உழைப்பாளியே. நாள் முழுதும் வேலை செய்து திரும்பிய கைக்கு, இருபது நிமிடத்தில் பிள்ளைகளின் பசியை ஆற்றும் வழி கிடைத்தது என்றால் அது வரவேற்கத்தக்கது. நம் தோட்டத்துப் பெண்களுக்கும் அத்தகைய ஓய்வு கிடைத்தல் வேண்டும். வெளிவேலை முடித்து வந்தபின் ஆடவர் திண்ணையிலமர, பெண்டிர் மட்டும் உலை மூட்டும் வழக்கத்தை யந்திரம் வரும்வரை காத்திராமல் இன்றே மாற்றலாம். வெங்காயம் நறுக்க ஆடவர் கைக்கும் தெரியும்.

நாம் சொல்ல விழைவது, மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்தையும் எங்கோ ஒருவர் தம் கையால் செலுத்துகின்றார் என்பதே. உணவு தூயதா எனக் கேட்க உலகம் கற்றுக்கொண்டது. அதனை ஆக்கியவனுக்கு நியாயமான கூலியும் காப்பும் கிடைத்தனவா எனக் கேட்க இன்னும் முழுதும் கற்கவில்லை. முதற் கேள்வி வயிற்றிலிருந்து தானே எழும். இரண்டாவதை நாமே முயன்று எழுப்பவேண்டும்.

இக்கேள்வி கடல்கடந்த நாட்டாரைப் பற்றியது மட்டுமன்று. நம் பாட்டன்மார் நின்ற நிரைகளில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நின்று குலை வெட்டுகின்றனர். அவர்கள் வந்ததனாலேயே நம் கூலி ஏறவில்லை என முணுமுணுப்போரை நாம் பெரட்டிலும் தேநீர்க் கடையிலும் காண்கின்றோம். 1904இல் சிக்காகோவிலும் அவ்வாறே முணுமுணுத்தனர், தோற்றனர். ஒரே கூட்டத்தில் அமரக் கற்றபின்னரே வென்றனர். நம் பாட்டன்மாரையும் ஒரு காலத்தில் இந்நாட்டில் சிலர் அவ்வாறே பார்த்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று மாலையும் எங்கோ ஒரு வீட்டில் சட்டி சூடேறும், பாற்கட்டி இளகும், பிள்ளைகள் கைவழிய உண்பர். நம் லயத்திலும் சோறு கொதிக்கும். நாளைக் காலை பெரட்டில் பெயர் பதியும்போது, நம் ஏட்டில் எழுதப்படுவது வெறும் தொகையன்று, ஆளொருவரின் ஒரு நாள் வாழ்வு என்பதை நாமும் நினைத்துக்கொள்வோம். அவர் பெயரைச் சரியாகக் கேட்டு, பிழையின்றி எழுதுவோம். கிராணியாகிய நம்மால் உடனே செய்யக்கூடியது அது.